மறுநாளே ஸ்கேன் வேண்டுமா?

வயிற்று அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே, "ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமே, டாக்டர்?" என்று உறவினர்கள் கேட்பதுண்டு. அச்சம் நியாயமானது, ஆனால், ரத்தக்கசிவு போன்ற ஐயம் இருந்தாலொழிய, அந்த நாள் பொருத்தமானதன்று. வயிற்றைத் திறந்தபோது புகுந்த காற்று ஒரு வாரம் வரைகூட உள்ளே தங்கும். சிறிதளவு நீரும் தேங்கியிருக்கும். இவை இயல்பானவையா, குடல் தையல் கசிவதன் அடையாளமா என்பதைத் தொடக்க நாட்களில் படத்தைக் கொண்டு மட்டும் பிரித்தறிவது கடினம். இக்காரணத்தை விளக்காமல் "இப்போது வேண்டாம்" என்று மட்டும் சொல்லிச் செல்வது மருத்துவர்களாகிய எங்கள் குறை.

ஐந்தாம் நாளையொட்டிக் காய்ச்சல் திரும்பினாலோ, நாடித்துடிப்பு விரைந்தாலோ, வயிறு உப்பி வலி கூடினாலோ நிலைமை வேறு. தையல் கசிவு பெரும்பாலும் அந்நாட்களில்தான் வெளிப்படுகிறது. அப்போது ஸ்கேனைத் தள்ளிப்போடலாகாது. சீழ்க்கட்டி தெரிந்தால், ஸ்கேனில் பார்த்தபடியே ஊசி செலுத்தி, மெல்லிய குழாய் வைத்துப் பலருக்கு அதை வடித்துவிடலாம். வயிற்றை மீண்டும் திறக்க நேராது. நரம்பு வழியே கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்த வேண்டியிருப்பதால், சிறுநீரகக் கோளாறோ ஒவ்வாமையோ இருப்பின் முன்னதாகவே கூறிவிடுங்கள்.

முதல் ஸ்கேனில் கசிவு புலப்படாமல் போவதும் உண்டு. அறிக்கை இயல்பு என்கிறது, நோயாளியோ தேறவில்லை என்றால், நான் நோயாளியைத்தான் நம்புவேன். மறுநாளே இன்னொரு ஸ்கேன் கேட்கவும் தயங்கமாட்டேன்.