தோண்டுவதற்கு முன் கேட்போம், உடைந்தால் மறைக்காதிருப்போம்



கடந்த மாதம் ஒரு வியாழக்கிழமை காலை எங்கள் பாடசாலையின் தண்ணீர்த் தாங்கி வெறுமையாகக் கிடந்தது. இரவு முழுக்க நிரம்பியிருக்க வேண்டிய தாங்கி. மலசலகூடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சின்னப் பிள்ளைகளை எவ்வளவு நேரம் சமாளிக்கலாம்? பத்தரை மணிக்குப் பெற்றோரை அழைத்து அனுப்பிவிட்டோம்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அதே வீதியில் மதிலுக்கு அத்திவாரம் தோண்டிய பெக்கோ, முதல் நாள் பின்னேரமே நிலத்தடிக் குழாயை உடைத்திருக்கிறது. உடைந்த இடத்தை சைக்கிள் டியூபால் சுற்றிக் கட்டி, மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். யாருக்கும் சொல்லவில்லை.

ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. சொன்னால் பணம் கட்ட வேண்டிவரும், ஊர் ஏசும் என்ற பயம் நமக்கும் விளங்குகிறது. ஆனால் குழாய் உடைவதை விட அதை மறைப்பதுதான் பெரிய ஆபத்து. ஏன்?

குழாயில் அழுத்தம் இருக்கும்வரை தண்ணீர் வெளியே கசியும். வீணாகிறது, அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். ஆனால் தண்ணீர் வெட்டப்படும்போதோ அழுத்தம் குறையும்போதோ கதை மாறுகிறது. அதே ஓட்டையால் வெளியே நிற்கும் தண்ணீர் குழாய்க்குள் இழுபடலாம். நம் வீதிகளில் குழாய்க்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது? வடிகான். சில இடங்களில் மலசலகூடக் குழி. திரும்பத் தண்ணீர் வரும்போது அந்த அழுக்கும் சேர்ந்து வீடுகளுக்கு வரும். வயிற்றோட்டம், நெருப்புக்காய்ச்சல், செங்கமாரி எல்லாம் இந்த வழியால் வரக்கூடியவை. டியூப் கட்டியவர் வீட்டுக் குழந்தையும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறது.

ஆகவே சில விடயங்களை வழக்கமாக்குவோம்.

வீதியோரம் தோண்டுவதற்கு முன் நீர் வழங்கல் சபையிடம் குழாய் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று கேட்போம். 1939 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். அயலிலுள்ள மூத்தவர்களிடமும் கேட்போம். பழைய குழாய் போட்ட நாளில் பக்கத்தில் நின்றவர்கள் அவர்கள்.

மீற்றர் இருக்கும் இடமும், வீதியில் தெரியும் வால்வு மூடியும் அடையாளங்கள். ஆனாலும் குழாய் நேர்கோட்டில்தான் போகிறது என்று நம்பிவிடக் கூடாது.

குழாய் இருக்கலாம் என்று சந்தேகமான இடத்தில் பெக்கோவை நிறுத்திவிட்டு, மண்வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணை எடுப்போம். அலவாங்கால் குத்த வேண்டாம். பிளாஸ்டிக் குழாய்க்கு ஒரு குத்துப் போதும்.

குழாய் வெளியே தெரிந்தால் அதன் அடி மண்ணைத் தோண்டி, தொங்கவிட வேண்டாம். பாரம் தாங்காமல் பொருத்து விலகும். மூடும்போது கல்லும் ஓட்டுத் துண்டும் போடாமல் மணலால் மூடுவோம்.

உடைந்துவிட்டால் வேலையை நிறுத்தி, உடனே அறிவிப்போம். மூட வேண்டாம்.

இன்னொன்று. குழாய் உடைந்தால் பெக்கோ சாரதியையும் கூலிக்கு வந்த தம்பியையும் ஏசுகிறோம். அவர்கள் நாட்சம்பளத்துக்கு வந்தவர்கள், நாம் காட்டிய இடத்தில் தோண்டியவர்கள். கேட்டுத் தெரிந்து சொல்ல வேண்டிய பொறுப்பு வேலை கொடுத்த வீட்டுக்காரருடையது. ஒரு அழைப்புக்கு ஐந்து நிமிடம் போதும்.

ஊராக நாம் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. உடைத்தவர் தானாக வந்து சொன்னால் அவரை வாட்ஸ்அப் குழுமத்தில் கிழிக்காதிருப்போம். இன்று அவரை ஏசினால் நாளை உடைப்பவர் டியூபைத்தான் தேடுவார்.

வகுப்பில் பிள்ளைகளுக்கு இதை நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். மதில், கிணறு, குழி என்று வேலை தொடங்கவிருக்கும் உங்கள் உறவினருக்கு நீங்கள் சொல்லுங்கள்.