பிரெஞ்சு கற்பது எதன் பொருட்டு?

பத்தாந் தரத்திற்கு ஏறும் மாணவர் தொகுதிப் பாடங்களைத் தெரிவு செய்யுங் காலத்தில், "ஐயா, பிரெஞ்சு எடுக்கலாமா?" என்று வினவுவது அண்மைக் காலத்தில் நம் கல்லூரியிலும் வழக்கமாகிவிட்டது. தமிழாசிரியன் தடுப்பான் என்று எண்ணிச் சிலரும், தடுக்கவேண்டும் என்று விரும்பிச் சில பெற்றோரும் என்னிடம் வருகின்றனர். மொழியைத் தடுப்பது என் தொழிலன்று. எதன் பொருட்டு எடுக்கின்றாய் என்று கேட்பதே என் தொழில்.

அவர்கள் கூறும் காரணங்கள் மூன்று. புள்ளி எளிதிற் கிடைக்கும் என்பது ஒன்று. தமிழ்நாட்டில் மேனிலை வகுப்பு மாணவர் பலர் இக்காரணத்திற்காகவே தமிழை விடுத்துப் பிரெஞ்சைக் கொண்டனர். பரீட்சை முடிந்த மறுநாளே அம்மொழியையும் விடுத்தனர். இதைப் பற்றி மேலும் பேச வேண்டுவதில்லை.

வெளிநாடு செல்லலாம் என்பது மற்றொன்று. 1983க்குப் பின் பிரான்சு புகுந்த நம்மவர் பாரிஸில் லா சப்பல் பகுதியைத் தமிழ்க் கடைத்தெருவாகவே ஆக்கிவிட்டனர். மாணிக்க விநாயகருக்கு அங்கே தேரும் ஓடுகின்றது. கனடாவின் மொன்றியலிலும் பிரெஞ்சே முதன்மொழி. ஆங்குக் குடியேறியபின் கூலிவேலைக்கும் கடுங்குளிருக்கும் இடையே அம்மொழியைக் கற்கத் தொடங்கியோர் பட்ட பாடு சிறிதன்று. எனவே இக்காரணத்தை நான் இகழேன். சுற்றுலா வழிகாட்டியாகலாம் என்னும் மூன்றாவது காரணத்தையும் இகழேன். ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்கும் பேராதனைப் பூங்காவிற்கும் வரும் பிரெஞ்சுப் பயணிகளுக்குத் தோட்டத்தின் கதையைத் தோட்டத்துப் பிள்ளையே அவர் மொழியிற் சொல்லுமாயின், அக்கதை வேறுவிதமாக இருக்கும் அன்றோ?

ஆயினும் ஓர் இடர் உண்டு. சாதாரண தரப் பரீட்சையில் இரண்டாம் மொழியாகிய சிங்களமும் பிரெஞ்சு முதலிய பிறநாட்டு மொழிகளும் ஒரே தொகுதியில் நிற்கின்றன. ஒன்றைக் கொண்டால் மற்றதைக் கொள்ளுதல் இயலாது. கண்டிச் சூழலில் வளரும் நம் பிள்ளைகள் சிங்களத்தைச் சரளமாகப் பேசுவர். கடையிலும் பஸ்ஸிலும் அவர்க்கு ஒரு குறையுமில்லை. ஆனால் பொலிஸ் நிலையத்தில் எழுதப்பட்ட முறைப்பாட்டை வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடச் சொன்னால், வாசியாமலே கையொப்பமிடுவோர் எத்தனை பேர்! 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது உண்மையே. எனினும் சட்டத்திலுள்ள தமிழ் எல்லா மேசைகளுக்கும் வந்து சேரவில்லை. அன்றியும், 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையிற் சேர்ந்தோர் மற்றை அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்டல் வேண்டும்.

கண்டியரசுக்கும் பிரெஞ்சு மொழிக்கும் உள்ள பழந்தொடர்பு ஒன்று ஈண்டு நினைவுக்கு வருகின்றது. 1672இல் திருகோணமலைக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் தெ லா ஹே, இரண்டாம் இராஜசிங்க மன்னனிடம் லனரோல் என்பவரைத் தூதனுப்பினான். குதிரையிலிருந்து இறங்கவேண்டிய இடத்தில் அத்தூதர் இறங்கவில்லை. காத்திருக்கவேண்டிய பொழுதிற் பொறுமையிழந்து திரும்பிவிட்டார். மன்னன் அவரை விலங்கிடச் செய்தான். அக்காலத்தில் இங்குச் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் இதனை எழுதி வைத்துள்ளார். தூதர் நாடு திரும்பவேயில்லை. லனரோல் என்னும் குடும்பப் பெயர் இன்றும் இந்நாட்டில் வழங்குகின்றது. ஐரோப்பாவின் பெருமொழியொன்று அவர் நாவிலிருந்தது. நின்ற மண்ணின் பேச்சும் வழக்குமே அவரிடம் இல்லை.

ஆதலால் என் விடை இது: சிங்களத்தைத் தடையின்றி வாசிக்கவும் எழுதவும் வல்ல மாணவன் பிரெஞ்சைப் பாடமாகக் கொள்க. வல்லனல்லாதவன் பரீட்சைக்குச் சிங்களத்தைக் கொண்டு, பிரெஞ்சைப் பின்னர்க் கண்டி அலியான்ஸ் பிரான்சேஸில் கற்க.

நிற்க. மாணவர் ஒருவரேனும் இதுவரை சொல்லாத காரணம் ஒன்றுண்டு. அதுவே எனக்கு மிக உவப்பானது. இந்துக் கல்லூரியிற் பயில்வோர் அறியவேண்டுவதும் அதுவே. சைவாகமங்களின் ஆராய்ச்சியிற் பெரும்பகுதி பிரெஞ்சு மொழியில் உள்ளது. 1955இல் புதுச்சேரியில் நிறுவப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் திரட்டிய சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. நம் சிவாச்சாரியர் போற்றும் சோமசம்பு பத்ததியை எலேன் புரூனர் என்னும் அம்மையார் 1963 முதல் 1998 வரை நான்கு தொகுதிகளாகப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடும் விரிவான குறிப்புகளோடும் வெளியிட்டார். முப்பத்தைந்து ஆண்டு உழைப்பு! காரைக்காலம்மையார் பாடல்கள் 1956இலும், பரிபாடல் பிரான்சுவா குரோவின் மொழிபெயர்ப்பில் 1968இலும் பிரெஞ்சில் வந்தன. மூன்றாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1970இற் பாரிஸில் நடந்ததும் தற்செயலன்று. புரூனர் அம்மையாரின் குறிப்புகளைத் தமிழில் தர வல்லவர் நம்முள் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணலாம்.

கற்பது கடினமோ என்று அஞ்சவேண்டா. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்னும்போது நம் மாணவர் நகைப்பர். அஃறிணைக்கு இத்தகைய பாற்பாகுபாடு காணாத மரபினர் நாம். ஆனால் நீ, நீங்கள் என்னும் வேறுபாடு ஆங்கும் உண்டு. புணர்ச்சியும் உண்டு! தனித்து நிற்குங்கால் ஒலியாத ஈற்று மெய், வருமொழி உயிரோடு தொடங்கின் விழித்துக்கொள்கின்றது. 'லே' என்பதன்முன் நண்பனைக் குறிக்கும் 'அமி' வந்தால் 'லேஸமி' என்றாகும். நன்னூல் கற்றவனுக்கு இஃது அந்நிய வீடன்று.

பாரிஸிலும் மொன்றியலிலும் வாழும் நம் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். யூபிலி ஆண்டில் கல்லூரிக்கு என்ன அனுப்பலாம் என்று கேட்டு எழுதுகின்றீர்கள். நல்லதொரு பிரெஞ்சு-தமிழ் அகராதியும், மேற்கூறிய சோமசம்பு பத்ததியின் நான்கு தொகுதிகளும் நம் நூல்நிலையத்திற்குத் தேவை.