இலை கருகினால் உடனே எம்.ஓ.பி.யா?



மாமரத்திலோ தேசி மரத்திலோ முதிர்ந்த இலைகளின் விளிம்பு கருகத் தொடங்கினால் எமது பக்கத்தில் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான். "காக்கா, பொட்டாஷ் காணாது, எம்.ஓ.பி. போடுங்க." சொல்பவர் தெரியாமல் சொல்லவில்லை. பொட்டாசியம் குறைந்தால் முதிர்ந்த இலையின் நுனியும் விளிம்பும் கருகும் என்றுதான் நாங்கள் வகுப்பிலும் படிப்பிக்கிறோம். மணல் மண்ணில் பொட்டாசியம் நிற்காது, மாரி மழையோடு கீழே இறங்கிவிடும் என்பதும் சரி.

ஆனால் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் எங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. காத்தான்குடி தொடக்கம் களுவாஞ்சிக்குடி வரை எழுவான்கரை என்பது ஒடுங்கிய ஒரு மணல் நிலம். கோடையில் கிணறு இறங்கும்போது பல இடங்களில் தண்ணீர் உப்புக்கரிக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மரத்தின் இலையில் குளோரைட்டும் சோடியமும் சேரும். குளோரைட்டு கூடினாலும் இலை அதே நுனியில், அதே விளிம்பில்தான் கருகும். வெறுங்கண்ணால் இரண்டையும் பிரித்துச் சொல்வது அனுபவமுள்ளவருக்கும் கஷ்டம்.

எம்.ஓ.பி. என்பது பொட்டாசியம் குளோரைட்டு. அதன் நிறையில் ஏறக்குறைய 47 சதவீதம் குளோரைட்டுத்தான். 50 கிலோ மூடையில் 23 கிலோவுக்கு மேல். உப்பால் எரியும் மரத்தின் அடியில் அதைக் கொட்டினால் என்ன நடக்கும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. மரம் இன்னும் கருகும், "இன்னும் பொட்டாஷ் காணாது" என்று அடுத்த மூடையும் வரும்.

இந்தப் பழக்கத்துக்குத் தென்னையும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம். தென்னை குளோரைட்டை விரும்பும் மரம். பிலிப்பைன்ஸில் சாதாரண உப்பையே தென்னைக்குப் பசளையாகச் சிபாரிசு செய்கிறார்கள். எமது மூத்தவர்கள் கன்று வைக்கும் குழியில் உப்புப் போட்டதும் வீண்வேலை அல்ல. மாவும் தேசியும் அப்படியல்ல. இரண்டும் உப்பைத் தாங்காத சாதி. ஒரே வளவில் நிற்பதால் ஒரே வைத்தியம் சரிவராது.

இதற்குத் தீர்ப்புச் சொல்லக்கூடியது இலைப் பரிசோதனை. மண் பரிசோதனை மண்ணில் என்ன இருக்கிறது என்று சொல்லும். மரம் அதில் எதை எடுத்தது என்பதை இலைதான் சொல்லும். ஆழமாக வேரோடும் பழமரத்துக்கு இந்த வித்தியாசம் பெரிது. அமெரிக்காவின் புளோரிடாவில் தோடைக்கு வைத்திருக்கும் அளவுகளைப் பாருங்கள். உலர்ந்த இலையில் பொட்டாசியம் 1.2 முதல் 1.7 சதவீதம் இருந்தால் போதும், 0.7க்குக் கீழே போனால் குறைபாடு. குளோரைட்டோ 0.7ஐத் தாண்டினால் மிகை. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டு மரங்கள் கடதாசியில் இப்படிப் பிரிந்துவிடும். பொட்டாஷை அள்ளிப்போட்டு மக்னீசியத்தைப் பட்டினி போட்ட தோட்டங்களும் இதில் பிடிபடும். அங்கே பொட்டாசியம் எகிறியும் மக்னீசியம் விழுந்தும் நிற்கும்.

மாதிரி எடுப்பதில்தான் பாதி வேலை. தோடை, தேசிக்கு நாலு தொடக்கம் ஆறு மாத வயதுள்ள, காய் இல்லாத கிளையின் இலை. மரத்தின் நாலு பக்கமும், பல மரங்களிலிருந்தும், மொத்தம் நூறு இலையளவில். வாழைக்கு, பூ தள்ளும் நேரத்தில் மேலிருந்து மூன்றாவது இலையின் நடுத்துண்டு. இலைக்கு மருந்தடித்த கையோடு எடுக்கக்கூடாது. பொலித்தீன் பைக்குள் அவிந்துபோகும், கடதாசிப் பைதான் நல்லது. எல்லாவற்றையும் விட முக்கியம், கருகிய மரங்களின் இலையை ஒரு பையிலும் அதே தோட்டத்து நல்ல மரங்களின் இலையை இன்னொரு பையிலும் தனித்தனியாக அனுப்புவது. எமது ரகங்களுக்கென்றே அளவு அட்டவணை கையில் இல்லாவிட்டாலும் இந்த ஒப்பீடு பேசும். இலைக் கணக்கு மட்டும் போதாது, கிணற்றுத் தண்ணீரின் உப்பளவும் கூடவே பார்க்கவேண்டும்.

இது இந்த நாட்டுக்குப் புதிதுமல்ல. லுணுவிலவில் உள்ள தெங்கு ஆராய்ச்சி நிறுவகம் தென்னையின் 14ஆவது ஓலையை ஆய்வுசெய்து தோட்டத்துக்கேற்ற பசளைச் சிபாரிசு கொடுத்துவருகிறது. லுணுவில இருப்பது மேற்குக் கரையில். எமக்கு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, கரடியனாற்றில் விவசாயத் திணைக்களம் இருக்கிறது. அரை ஏக்கர் தோட்டக்காரர் ஒருவர் கமநல சேவை நிலையத்தில் பையைக் கொடுத்துவிட்டு, தாங்கக்கூடிய கட்டணத்தில், "இதைப் போடுங்கள், இதை நிறுத்துங்கள்" என்று தமிழில் எழுதிய அறிக்கையை வாங்கிப்போகும் ஏற்பாடு வேண்டும் என்பதுதான் எமது கோரிக்கை. ஆராய்ச்சிக் கட்டுரைக்காக மட்டும் இலை அரைபடுவதில் ஏழை விவசாயிக்கு என்ன இலாபம்?

செலவு என்று சிலர் சொல்வார்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் திரும்பவும் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பசளை விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். தேவையில்லாத ஒரு மூடையை நிறுத்தினாலே காசு மிச்சம். ஒரே மண், ஒரே மாதிரித் தண்ணீர் உள்ள பக்கத்துப் பக்கத்து வளவுகள் நாலைந்து சேர்ந்து ஒரு மாதிரி அனுப்பினாலும் செலவு பிரியும்.

இலை பறிக்க ஆள் இல்லை என்றால் எமது உயர்தர விவசாய விஞ்ஞானப் பிள்ளைகள் இருக்கிறார்கள். செய்முறைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. எங்கே கொடுப்பது, எந்த நாளில், எவ்வளவு கட்டணம் என்ற விபரம் தெரிந்த விவசாயப் போதனாசிரியர்கள், பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், வரும் ஜும்ஆவுக்கு முன் பள்ளிவாசல் அறிவித்தல் பலகையில் ஒட்டிவிடுகிறோம். அதுவரைக்கும் கருகிய மரத்துக்கு வாங்கிவைத்த எம்.ஓ.பி. மூடையைப் பிரிக்காதீர்கள்.