தாய்மாரின் கண்ணீரும் ஆட்சியாளர்களின் கணக்கும்

எதிர்க்கட்சியில் இருக்கும்போது தாய்மாரின் கண்ணீரைக் கண்டு நெகிழ்வதும், ஆட்சிபீடம் ஏறியதும் அதே கண்ணீரை நாட்டுக்கு எதிரான சதியாகக் காண்பதும் இலங்கை அரசியலின் பழகிப்போன வழக்கமாகும். கடந்த நான்கு தசாப்தங்களில் இந்நாட்டுப் பெண்கள் தமது பிள்ளைகளையும் கணவன்மாரையும் தேடி நடத்திய போராட்டங்களை நோக்குகின்ற எவருக்கும் இந்த உண்மை புலப்படும்.

தென்னிலங்கையில் இருந்து தொடங்குவோம். ஜே.வி.பி.யின் இரண்டாவது கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட காலகட்டத்தில் சிங்கள இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் காணாமல் ஆக்கப்பட்டனர். அவர்களின் தாய்மார் 1990 ஜூலையில் மாத்தறையில் அன்னையர் முன்னணியாகத் திரண்டனர். பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சா அதே வருடம் பெப்ரவரியில் கடத்திக் கொல்லப்பட்டார். அவரது தாயாரான தமிழ்ப் பெண்மணி டாக்டர் மனோராணி சரவணமுத்து அந்த முன்னணியின் தலைமையில் நின்றார். ஈராண்டுகளில் சுமார் 25,000 பெண்கள் அதில் இணைந்தனர். 1992 ஜூன் 23 இல், ஜனாதிபதி பிரேமதாசவின் பிறந்த தினத்தன்று, சிங்களத் தாய்மார் கொழும்பு முகத்துவாரம் காளி கோவிலுக்குச் சென்று தேங்காய் உடைத்து அம்மனிடம் முறையிட்டனர். நீதிமன்றத்தில் கிடைக்காத நீதியை அவர்கள் தெய்வத்திடம் கேட்டார்கள்.

இந்த முன்னணியை ஒழுங்கமைத்தவர்கள் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் இரு இளம் பாராளுமன்ற உறுப்பினர்கள். ஒருவர் மங்கள சமரவீர. மற்றவர் மகிந்த ராஜபக்ச. 1990 செப்டெம்பரில் காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றிய ஆவணங்களுடன் ஜெனீவாவுக்குப் புறப்பட்ட ராஜபக்சவைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் மறித்த பொலிசார் ஆவணங்களைப் பறிமுதல் செய்தனர். அதே ராஜபக்ச ஜனாதிபதியாக இருந்த 2013 மார்ச்சில், கொழும்பில் ஆர்ப்பாட்டம் செய்வதற்காக வடக்கில் இருந்து பஸ்களில் புறப்பட்ட நூற்றுக்கணக்கான தாய்மாரும் உறவினர்களும் வவுனியாவில் பொலிசாரினால் தடுத்து நிறுத்தப்பட்டனர். கட்டுநாயக்கவில் மறிக்கப்பட்டவரின் ஆட்சியிலேயே வவுனியாவில் தாய்மார் மறிக்கப்பட்டார்கள். இதைவிடப் பெரிய வரலாற்று முரண்நகை வேறு எதுவாக இருக்கமுடியும்?

தென்னிலங்கை அன்னையர் முன்னணிக்கு நேர்ந்தது மற்றொரு பாடம். 1994 இல் சந்திரிகா குமாரதுங்க ஆட்சிக்கு வந்ததும் விசாரணை ஆணைக்குழுக்கள் நியமிக்கப்பட்டன. ஆனால், முன்னணி மெல்ல மெல்ல மறைந்துபோனது. கட்சியின் தேவை முடிந்தபோது கட்சியின் வாகனங்களில் வந்த இயக்கமும் முடிந்தது.

தமிழர்களாகிய எமது வரலாறு இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல. தென்னிலங்கைக்கு ஆறு வருடங்கள் முன்னதாகவே, 1984 இல், இராணுவம் இளைஞர்களைக் கூட்டங்கூட்டமாகக் கைதுசெய்து கொண்டுசென்றபோது யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றியது. கிழக்கிலும் பெண்கள் அதைப் பின்பற்றினார்கள். 1986 இல் டெலோ இயக்கத்தினரை விடுதலை புலிகள் அழிக்க முனைந்தபோது, கிழக்கில் உலக்கைகளை ஏந்திச்சென்று அந்தப் படுகொலையைத் தடுக்க முயன்றவர்களும் தாய்மாரே. இந்த நிகழ்வைப் பதிவு செய்தவர்களில் ஒருவரான யாழ். பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆயுதங்களின் ஆதிக்கம் பெருகப்பெருக எமது தாய்மாரின் சுயாதீனக் குரலும் அடங்கிப்போனது. அரசிடம் கேள்வி கேட்கும் தாயைப் போற்றிய நாம், எம்மவரிடமே கேள்வி கேட்ட தாயை எங்கே வைத்தோம் என்பதையும் சிந்திக்கவேண்டும்.

போருக்குப் பின்னரான காலகட்டத்துக்கு வருவோம். நல்லிணக்கப் பொறிமுறைகள் குறித்து மக்களின் கருத்துகளைக் கேட்டறிய 2016 இல் மனோரி முத்தெட்டுவேகம தலைமையில் ஒரு செயலணி நியமிக்கப்பட்டது. நாடெங்கிலும் இருந்து அதற்கு 7,306 சமர்ப்பணங்கள் கிடைத்தன. ஆனால், அந்தக் கருத்தறிதல் நிறைவடைவதற்கு முன்னரே, 2016 ஆகஸ்டில், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டுவிட்டது. 2017 ஜனவரியில் செயலணியின் அறிக்கை கையளிக்கப்பட்டபோது ஜனாதிபதியோ பிரதமரோ அதைப் பெற்றுக்கொள்ள வரவில்லை.

அடுத்த மாதம், பெப்ரவரி 20 இல், கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தாய்மார் அமர்ந்தார்கள். வவுனியா, திருகோணமலை, முல்லைத்தீவு, மருதங்கேணி என்று போராட்டம் பரவியது. ஜூன் மாதம் அவர்களைச் சந்தித்த ஜனாதிபதி சிறிசேன, படையினரிடம் சரணடைந்தோரின் பட்டியலை வெளியிட நடவடிக்கை எடுப்பதாக உறுதியளித்தார். அந்தப் பட்டியல் வெளிவரவேயில்லை. 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோதாபய ராஜபக்ச, காணாமல்போனோர் உண்மையில் இறந்துவிட்டனர் என்று ஐ.நா. அதிகாரியிடம் கூறினார். எங்கே, எப்போது, யாரால் என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை. 2025 மே மாதத்துடன் போராட்டம் தொடங்கி 3,000 நாட்கள் கடந்தன. பதிலைக் காணாமலேயே நூற்றுக்கும் அதிகமான பெற்றோர் இறந்துவிட்டனர்.

பெண்களின் உறுதி பலன் தருவதேயில்லை என்று எவரும் கருதத் தேவையில்லை. 2017 ஜனவரி 31 இல் கேப்பாப்புலவு, பிலவுக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாம் வாயிலில் அமர்ந்தனர். பெண்களே அதன் முன்வரிசையில் இருந்தனர். கைக்குழந்தைகளுடன் இரவும் பகலும் அங்கேயே இருந்தார்கள். ஒரு மாதத்தில் அவர்களது காணிகள் விடுவிக்கப்பட்டன. பல வருடங்களாகப் பேச்சுவார்த்தைகளில் கிடைக்காததை அவர்கள் பெற்றுக்கொண்டார்கள்.

இந்தப் பெண்களை 'பாவப்பட்ட அம்மாக்கள்' என்று மாத்திரம் பார்க்கும் எமது மனப்பான்மையே இன்றைய பெருந்தடை. பத்திரிகைகளில் அவர்களின் அழுகை புகைப்படமாக வருகிறது; அவர்களின் வாதம் செய்தியாக வருவது குறைவு. ஆணைக்குழுக்கள் முன் பல தடவைகள் சாட்சியம் அளித்து, ஆட்கொணர்வு மனுக்களுடன் நீதிமன்றப் படியேறி, புலனாய்வாளர்களின் விசாரணைகளைச் சந்தித்த அவர்களுக்கு இந்த அரசின் இயங்குமுறை பற்றித் தெரிந்த அளவுக்கு எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் பலருக்குத் தெரியாது. ஆனால், ஆலோசனை மேசைகளில் ஆசனம் உறுப்பினர்களுக்கு. தாய்மாருக்கோ வீதியோரக் கொட்டகை. புலம்பெயர் அமைப்புகளும் தமது அரசியல் போட்டிகளை இந்தக் கொட்டகைகளுக்குள் கொண்டுசெல்லாமல் இருப்பதே அவர்கள் செய்யக்கூடிய பேருதவி.

1990 இல் மாத்தறைத் தாய்மார் தேடிய பிள்ளைகளில் பலர் ஜே.வி.பி. இளைஞர்கள். அந்தக் கட்சியின் தலைவரே 2024 இல் ஜனாதிபதியானார். இழப்பின் கனதியை அறிந்த கட்சி என்று அவர்களை நம்புவதற்குக் காரணம் உண்டு. ஆனால், நம்பிக்கையைச் செயலில் காட்டவேண்டியது அவர்களே. காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றி அரசாங்கம் இனிமேல் கொண்டுவரும் எந்தவொரு சட்டமூலத்தின் முதல் வரைவையும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உள்ள தாய்மாருக்கு முன்னால் வைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்திய பின்னரே பாராளுமன்றத்துக்குக் கொண்டுசெல்லவேண்டும். அதைச் செய்யாமல் நிறுவப்படும் எந்தப் பொறிமுறையும் தாய்மார் மேலும் ஒரு தடவை சாட்சியம் சொல்லிவிட்டுத் திரும்பும் இன்னொரு அலுவலகமாகவே இருக்கும்.