வரவு எது, செலவு எது?

பாரிஸ் நகரின் லா சப்பல் பகுதியில் எம்மவர் நடத்தும் கடைகளிற் சிலவற்றிலே கொள்வனவு, களஞ்சியம், விற்பனை, கணக்கு யாவும் இன்று ஒரே கணனி மென்பொருளுக்குள் அடங்கிவிட்டன. நீலக் கொப்பியும் காதிற் செருகிய பென்சிலும் போய்விட்டன. ஆயினும் திரையிலே தோன்றுவது பிரெஞ்சு. களஞ்சியத்தில் மூடை அடுக்கும் ஐம்பத்தைந்து வயதுத் தந்தைக்கு அது விளங்குவதில்லை. பாடசாலை விட்டு வரும் மகன் வாசித்துச் சொல்லும்வரை அவர் காத்திருக்கிறார். “இதனைத் தமிழாக்க வழியில்லையா?” என்று கடைக்காரர் சிலர் எம்மிடம் கேட்டுள்ளனர்.

வழி உண்டு. பெல்ஜியத்தில் உருவான ஓடூ போன்ற மென்பொருட்களில் ஒவ்வொரு பணியாளரும் தமக்குரிய மொழியைத் தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியே மொழி குறிக்கலாம். பொருளின் பெயரையும் பல மொழிகளில் எழுதி வைக்கலாம். ஆகவே தந்தையின் திரையிலே தமிழும் வாடிக்கையாளரின் கையிலே பிரெஞ்சும் ஒருங்கே இருக்கக்கூடும். பின்னதை விட்டுவிட முடியாது என்பதையும் சொல்லி வைப்போம்: 1994ஆம் ஆண்டின் தூபோன் சட்டப்படி விலைப்பட்டியலிலும் பற்றுச்சீட்டிலும் பிரெஞ்சு கட்டாயமாகும்.

இனி, எந்தத் தமிழ் என்பதே வினா. மென்பொருளோடு தமிழ் ஆயத்தமாக வருமானால் அது பெரும்பாலும் தமிழ்நாட்டு வழக்கைத் தழுவியதாக இருக்கக்கூடும். அதிற் குற்றங்காண நாம் முற்படவில்லை. அதுவும் எமது மொழியே. ஆனால் கணக்கியலிலே இரு கரைகளும் ஒரு சொல்லை நேரெதிராக ஆள்கின்றன. யாழ்ப்பாணத்தில் வர்த்தகம் பயின்றவருக்குக் கணக்கின் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. தமிழ்நாட்டில் பயின்றவருக்கோ இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் “வரவு 500 யூரோ” என்று திரை காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டு முறைப்படி அவர் 500 யூரோ கட்டிவிட்டார். எமது முறைப்படி அவர் 500 யூரோ தரவேண்டியிருக்கிறார். கட்டியவரிடம் மீண்டும் பணம் கேட்டால் நட்புப் போகும். கட்டாதவரை விட்டுவிட்டால் முதல் போகும்.

சொந்த மொழிபெயர்ப்பை இட்டுக்கொள்ளும் வசதி இத்தகைய இடத்துக்காகவே இருக்கிறது. கடைத் திரையில் வரவையும் பற்றையும் இரண்டையுமே நீக்கிவிட்டுத் “தரவேண்டியது”, “தந்தது” என்று எழுதிவிடுங்கள் என்பது எமது எண்ணம். எந்த ஊரவரும் பிழைபட வாசிக்க மாட்டார். கணக்காளர் பார்க்கும் பக்கங்களைப் பிரெஞ்சிலேயே விட்டுவிடலாம். அவரும் வரி அலுவலகமும் பேசும் மொழி அதுதான். வாடிக்கையாளருக்கு 411, வழங்குநருக்கு 401 என்ற கணக்கிலக்கங்களோ எந்த மொழியிலும் மாறுவதில்லை. எல்லாவற்றையும் தமிழாக்கியே தீருவோம் என்று புறப்படுபவர்களை நாம் அறிவோம். அவர்களது ஆர்வம் பெரிது, முடித்தவர்கள் சிலரே. களஞ்சியத்துக்கும் விற்பனைக்கும் அன்றாடம் வேண்டிய சொற்கள் நூறு தேறினாலே அதிகம்.

அந்த நூறையும் இயந்திர மொழிபெயர்ப்பிடம் முழுதாக ஒப்படைத்தல் ஆகாது. தனித்து நிற்கும் ஒரு சொல் கணக்குக்குரியதா, வேறெதற்கும் உரியதா என்பதை அது அறியாது. கணக்கிற் “பதியப்பட்டது” என வரவேண்டியது “தபாலிடப்பட்டது” என்றும், நாளேடு என வரவேண்டியது சஞ்சிகை என்றும் வந்து நிற்கக்கூடும்.

இலக்கணம் கற்பித்த பழக்கத்தால் இன்னொன்றும் எம் கண்ணிற் படுகிறது. மென்பொருளின் வாக்கியங்களில் பெயர் வரும் இடத்தில் ஒரு குறியீடு இருக்கும். அவ்விடத்தில் இயந்திரம் ஆளின் பெயரைச் செருகும். ஆங்கிலத்திற் பெயருக்கு முன்னே ஒரு சிறு சொல் வந்தாற் போதும். தமிழிலோ வேற்றுமையுருபு பெயரோடு ஒட்டவேண்டும். மாலதிக்கு, கந்தையாவுக்கு, செல்வத்துக்கு என்று பெயருக்குப் பெயர் ஒட்டும் விதம் மாறும். இயந்திரம் “செல்வம்க்கு” என்று அச்சிட்டுவிடும். ஆதலால் உருபை ஒட்டாது “பெறுநர்: செல்வம்” என வரும்படி வாக்கியத்தையே மாற்றி அமைத்தல் நன்று. குறியீட்டை மாத்திரம் ஓர் எழுத்தும் பிசகாமல் விட்டுவைக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பை ஒவ்வொன்றாகத் திரையிலே திருத்தலாம், அன்றேல் பி.ஓ. எனப்படும் கோப்பாக இறக்கி எழுதலாம். அக்கோப்பில் மேல்வரி மூலம், கீழ்வரி மொழிபெயர்ப்பு. மேல்வரியைத் தொடவேண்டாம். தட்டச்சு யூனிக்கோட்டில் அமையவேண்டும். எம்மவரிற் பலர் பாமினி எழுத்துருவுக்குப் பழகியவர்கள். அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்தியது. மென்பொருளில் இட்டால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தோன்றும். பழைய பட்டியல் பாமினியில் இருந்தால் முதலில் அதனை யூனிக்கோட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். புதிய பதிப்பு நிறுவும்போது முன்னைய மொழிபெயர்ப்பின் மேல் எழுதும் தெரிவைக் கொடுத்தால் உங்கள் சொற்கள் அழிந்துவிடும். திகதியிட்ட பிரதியொன்றை வேறிடத்தில் வைத்திருங்கள்.

சொற்களைத் தெரியும்போது மகனையோ மகளையோ மட்டும் கணனிமுன் இருத்தாதீர்கள். தட்டச்சு அவர்களுடையதாக இருக்கட்டும். மூடையா சாக்கா, பெட்டியா பொதியா, குளிரறையில் இருக்கும் மீனுக்குக் கடையில் என்ன பெயர் என்பன களஞ்சியத்தில் நிற்பவருக்கே தெரியும். ஒரு ஞாயிறு பிற்பகலில் அவரையும் அருகே இருத்தி அந்த நூறு சொற்களையும் உரக்க வாசித்துக் காட்டுங்கள். எந்தச் சொல்லில் அவர் தயங்குகிறாரோ அதனை மாற்றி எழுதுங்கள்.