சீமையில் ஒரு ஜமீன் மாளிகை

சீமைக்குப் படிக்கச் செல்லும் நம்முடைய பிள்ளைகள் வீட்டுக்கு எழுதும் கடிதங்களில் இரண்டு விஷயங்கள் தவறாமல் இருக்கும். ஒன்று குளிர், மற்றொன்று சாப்பாடு. கடிதம் எழுதும் வழக்கம் போய், டெலிபோனில் முகம் பார்த்துப் பேசும் வழக்கம் வந்த பிறகும் இந்த விஷயங்கள் மாறவில்லை. மூன்றாவதாக, யாராவது ஒரு பிரபுவின் மாளிகையைப் பார்த்துவிட்டு வந்த வர்ணனையும் வருஷத்துக்கு ஒரு முறை வந்து சேரும். "எவ்வளவு பெரிய வீடு! எவ்வளவு பெரிய தோட்டம்!" என்பதோடு அந்த வர்ணனை பெரும்பாலும் முடிந்துவிடும்.

நாமும் அந்த நாட்டில் மாணவராயிருந்த காலத்தில் அத்தகைய மாளிகை ஒன்றுக்குப் போயிருக்கிறோம். அதை மட்டும் ஆச்சரியக் குறிகளோடு விட்டுவிட முடியவில்லை. ஏனெனில் அந்த வீட்டின் நகலிலிருந்துதான் நூறு வருஷத்துக்கு மேல் இந்தியா ஆளப்பட்டு வந்தது.

டார்பி நகரத்துக்கு வடமேற்கே நாலைந்து மைல் தூரத்தில் இருக்கிறது கெடில்ஸ்டன் மாளிகை. நாங்கள் மூவர் சென்றோம். ஒருவர் டார்பியிலேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலேய நண்பர். அவருடைய மோட்டாரில்தான் பிரயாணம். மற்றொருவர் கல்கத்தாவிலிருந்து சட்டம் படிக்க வந்திருந்த வங்காளி நண்பர். மூன்றாமவர் நாம், புளியோதரைப் பொட்டலத்துக்குப் பொறுப்பாளி.

வாயிலைத் தாண்டிய பிறகு வீடு உடனே கண்ணுக்குப் படுவதில்லை. புல்வெளி, மரத்தோப்பு, மேய்கிற ஆடுகள், மூன்று வளைவுகள் கொண்ட ஒரு கல் பாலம், அதன் கீழே ஏரி. இவையெல்லாம் இயற்கையாக அமைந்தவை போலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் திட்டமிட்டுச் செய்தது. இந்த இடத்தில் முன்னே ஒரு கிராமம் இருந்தது. 1758-இல் பட்டத்துக்கு வந்த ஸர் நதானியல் கர்ஸான், தம்முடைய மாளிகைக்கு முன்னால் குடியானவர்களின் கூரைகள் தெரிவது நன்றாயில்லை என்று கருதிப் போலும், அந்தக் கிராமத்தைப் பெயர்த்து அரை மைலுக்கு அப்பால் வைத்தார். ஊர்ப் பாதையையும் தள்ளிப் போட்டார். மாதா கோவிலை மட்டும் பெயர்க்கவில்லை. அங்கேதான் அவருடைய முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாக உறங்குகிறார்கள்.

"ஜமீன்தார்கள் எல்லா நாட்டிலும் ஒரே ஜாதிதான்" என்றார் ஆங்கிலேய நண்பர். இதைச் சொல்ல அவருக்கே உரிமை அதிகம் என்று நாங்கள் வாளாவிருந்தோம்.

மாளிகையைப் பற்றி ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் இந்தியப் பணத்தில் எழும்பிய வீடுகள் பல உண்டு. ஆற்காட்டு முற்றுகையில் பேரெடுத்த ராபர்ட் கிளைவ், ஸர்ரே ஜில்லாவில் க்ளேர்மான்ட் என்னும் எஸ்டேட்டை வாங்கி, இருந்த வீட்டை இடித்துப் புது மாளிகை எழுப்பினார். 1774-இல் இறந்தும் போனார். வங்காளத்தில் பொருள் சேர்த்த பிரான்ஸிஸ் ஸைக்ஸ் கட்டிய பாஸில்டன் மாளிகை பெர்க்ஷயரில் இருக்கிறது. இப்படிப் பணத்தோடு திரும்பியவர்களை அந்நாட்டார் 'நவாபுகள்' என்றே பரிகாசம் செய்தார்கள். ஆனால் கெடில்ஸ்டன் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. 1759-இல் வேலை தொடங்கியபோது கர்ஸான் குடும்பத்துக்கு இந்தியாவோடு சம்பந்தம் ஒன்றுமில்லை. அது ஆங்கிலேயக் குடியானவர்களின் குத்தகைப் பணத்தில் எழுந்த வீடு. இந்தியா அதற்குள் வந்தது பின்னால், வேறொரு வாசல் வழியாக.

ராபர்ட் ஆடம் என்ற சிற்பியின் கைவண்ணம் அது. உள்ளே நுழைந்ததும் இருபது தூண்கள் கொண்ட மண்டபம். ஒவ்வொரு தூணும் இருபத்தைந்து அடி உயரம்; இளஞ்சிவப்பு ரேகை ஓடும் அலபாஸ்டர் கல். வெளிச்சம் மேற்கூரையிலிருந்து இறங்குகிறது. அதற்கு அப்பால் 62 அடி உயரத்தில் குவிந்த விமானமுள்ள வட்ட மண்டபம். ரோமாபுரியின் பாந்தியன் கோவிலை நினைத்துக் கட்டியது. தென்புறத்து முகப்புக்கும் ரோமாபுரியிலிருந்தே, கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின் வெற்றி வளைவே, மாதிரி. பிரதான சயன அறையில் பனைமர வடிவமாகச் செதுக்கிய கால்களோடு ஒரு கட்டில் இருக்கிறது. பனைமரத்தைப் பார்த்ததும் நமக்கு மட்டும் ஊர் நினைவு வந்தது. வேடிக்கை என்னவென்றால், இத்தனை அலங்காரமும் குடியிருப்பதற்காக அல்ல. பிரபுவின் குடும்பம் பக்கத்துக் கட்டு ஒன்றில் வாசம் செய்தது. நடுக்கட்டு ஊராருக்குக் காட்டுவதற்காக. 18-ஆம் நூற்றாண்டிலேயே வீட்டு நிர்வாகியான கார்னெட் அம்மாள் கையில் ஜாபிதாவோடு விருந்தாளிகளுக்குச் சுற்றிக் காட்டியிருக்கிறாள். அவளுடைய படமும் அங்கே மாட்டியிருக்கிறது. அகராதி எழுதிய டாக்டர் ஜான்ஸன் 1777-இல் வந்து பார்த்துவிட்டு, நகர மண்டபமாக உபயோகிக்க நல்ல கட்டடம் என்று கூறினாராம். தூண் மண்டபத்தில் நீதிபதிகளையும், வட்ட மண்டபத்தில் ஜூரர்களையும், மாடியில் கைதிகளையும் வைக்கலாமென்று அவருடைய யோசனை.

நாம் தூண்களை எண்ணிக்கொண்டிருக்கையில் வங்காளி நண்பர் அசையாமல் நின்றார். "இந்த வீட்டைத் தினமும் டிராமிலிருந்து பார்த்திருக்கிறேனே!" என்றார்.

அவர் பார்த்தது கல்கத்தா கவர்ன்மென்ட் ஹவுஸ்; இன்று மேற்கு வங்க ஆளுநரின் மாளிகை. வெல்லெஸ்லி பிரபு, கம்பெனி டைரக்டர்களைக் கேளாமலே, கெடில்ஸ்டன் மாதிரியைப் பின்பற்றி 1799-இல் தொடங்கி 1803-இல் முடித்த கட்டடம் அது. ஸார்லஸ் வையட் என்பவர் அமைத்தார். கெடில்ஸ்டனுக்கு நான்கு சிறகுகள் என்று திட்டம், இரண்டோடு நின்றுவிட்டது. கல்கத்தாவில் நான்கும் எழுந்துவிட்டன. ஓர் ஆங்கிலேயப் பிரபு தம் சொந்தப் பணத்தில் முடிக்க இயலாததை இந்தியாவின் பணத்தில் மற்றொருவர் முடித்தார்.

1799 முதல் 1803 வரை என்ற இந்த வருஷங்களைத் தமிழ் நாட்டார் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அஸ்திவாரம் போட்ட 1799-லேயே மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு மாண்டார். அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அதே மாதத்தில் தஞ்சை சரபோஜி ராஜ்ய நிர்வாகத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். 1801 ஜூலையில் கர்நாடக நவாபின் அதிகாரமும் போயிற்று. அக்டோபரில் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கு மேடை ஏறினார்கள். அப்போது சென்னையில் கவர்னராக வீற்றிருந்தவர், ஆற்காட்டுக் கிளைவின் புத்திரர். ஹுக்ளிக் கரையில் அந்தத் தூண்கள் ஒவ்வொன்றாக உயர்ந்தபோது தாமிரபரணிக் கரையிலும் காவேரிக் கரையிலும் நடந்தது இது. டைரக்டர்கள் செலவைக் கண்டு முகம் சுளித்தார்கள். அவர்களுடைய வருத்தம் ரூபாய் அணா பைசாவைப் பற்றியது.

நகலுக்கு அசல் வீட்டின் பிள்ளையே எஜமானராக வந்து சேர்ந்தது விதியின் விளையாட்டு. 1859-இல் கெடில்ஸ்டனில் பிறந்த ஜார்ஜ் நதானியல் கர்ஸான் 1899 முதல் 1905 வரை வைஸ்ராய். கடைசியில் அந்தக் கல்கத்தா மாளிகையின் சரித்திரத்தையே இரண்டு பாகங்களில் எழுதினார். அவர் செய்த நல்ல காரியத்தை மறைக்க வேண்டியதில்லை. பழைய கோவில்களையும் கட்டடங்களையும் காக்க 1904-இல் சட்டம் செய்தவர் அவர்தான். மறு வருஷமே வங்காளத்தைத் துண்டாக்கியவரும் அவர்தான். பிரிவினை அமலுக்கு வந்த நாள் 1905 அக்டோபர் 16. கட்டபொம்மன் தூக்கிலேறிய அதே தேதி என்பதைச் சொன்னபோது வங்காளி நண்பர் நம்மை ஏறிட்டுப் பார்த்தார். அந்தப் பிரிவினையின்போது அவருடைய முப்பாட்டனார் அந்நியத் துணியைத் தெருவில் கொளுத்தியவராம். கொளுத்திய நெருப்பு தூத்துக்குடி வரைக்கும் வந்தது. 1906-இல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். 1911-இல் பிரிவினை ரத்தாயிற்று.

கர்ஸான் கீழ்த்திசை நாடுகளில் சேகரித்த பொருள்களைக் கீழ்க்கட்டில் காட்சியாக வைத்திருக்கிறார்கள். தந்தம், வெள்ளி, வாள், கம்பளம், வரவேற்புப் பத்திரம் அடைத்துக் கொடுத்த பேழைகள். கூட்டம் கூடுவது மயில் உடை எதிரில்தான். 1903 ஜனவரியில் டில்லி தர்பாரை ஒட்டி நடந்த நடன விருந்தில் கர்ஸான் சீமாட்டி அணிந்த கவுன் அது. சிக்காகோ கோடீசுவரர் ஒருவரின் குமாரி அந்த அம்மாள். பொன் சரிகை, வெள்ளிச் சரிகையால் மயில் தோகைகளை இழைத்து, ஒவ்வொரு கண்ணிலும் பச்சைப் பொன்வண்டின் இறகைப் பதித்திருக்கிறார்கள். எடை ஏறக்குறைய பத்து ராத்தல். அழகில்லை என்று சொன்னால் அது பொய். 1899, 1900 வருஷங்களின் கொடிய பஞ்சம் தீர்ந்து மூச்சு விடுமுன் இந்தத் தர்பார் நடந்தது. 1903 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸில் தலைவர் லால்மோகன் கோஷ் அந்தச் செலவைக் கடுமையாகக் கண்டித்தார்.

1987-இல் மாளிகை நேஷனல் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனத்தின் வசம் வந்தது. 2020-இல் அந்த ஸ்தாபனம், அடிமை வியாபாரத்தோடும் குடியேற்ற ஆட்சியோடும் தொடர்புள்ள தன் இடங்கள் 93 என்று கணக்கெடுத்து வெளியிட்டது. அந்நாட்டில் சிலருக்குப் பெருங் கோபம் வந்துவிட்டது. வீட்டையும் தோட்டத்தையும் பார்க்க வந்தவர்களிடம் ஏன் இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். நம்முடைய ஆங்கிலேய நண்பர் இந்தக் கோபத்தில் சேரவில்லை. தம்முடைய பள்ளிக்கூடத்தில் டார்பியிலிருந்து எட்டு வருஷம் படித்தும் கல்கத்தா மாளிகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று மட்டும் சொன்னார். சீமைக்குப் போகும் பிள்ளைகள் இத்தகைய வீடுகளைப் பார்க்கும்போது, கட்டிய வருஷத்தைக் குறித்துக்கொண்டு, அந்த வருஷத்தில் நம் ஊரில் என்ன நடந்ததென்று ஒரு முறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

மயில் உடையைத் தைத்து முடித்தது பாரிஸ் நகரத்து வொர்த் கம்பெனி. சரிகை வேலை டில்லியில் கிஷன் சந்த் என்பவரின் பட்டறையில் நடந்தது. ஊசி பிடித்த கைகள் யாருடையவை என்று வங்காளி நண்பர் அங்கிருந்த காவல் அம்மாளைக் கேட்டார். அந்த அம்மாள் உண்மையான வருத்தத்தோடு, பட்டறைக்காரரின் பெயருக்கு மேல் தனக்குத் தெரியாது என்று சொன்னாள்.