முதலில் ஸ்க்ரூவிலிருந்து கையை எடுங்கள்

எங்கள் ஊரில் ஒரு பழைய புல்லட்டை ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி, "ஐடிலிங் நிக்க மாட்டேங்குது தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் ஸ்டாண்டு போடுவதற்குள் ஸ்க்ரூ டிரைவர் கார்புரேட்டருக்குப் போயிருக்கும். எப்போதிலிருந்து இப்படி, காலையில் நிற்கிறதா சூடானபின் நிற்கிறதா, சோக் போட்டால் ஓடுகிறதா என்று ஒரு கேள்வி கிடையாது. பெரிய ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே திருகுவார்கள். இன்ஜின் உறுமும். "இப்பப் பாருங்க சார்" என்பார்கள். நாமும் சந்தோஷமாகக் காசைக் கொடுத்துவிட்டு வருவோம்.

இதற்குப் பெயர் ரிப்பேர் இல்லை. காய்ச்சல்காரனின் தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்து, "பாருங்கள், ஜுரம் இறங்கிவிட்டது" என்று காட்டுகிற வேலை.

முப்பத்து நான்கு வருடம் ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்தவன் நான். அங்கே முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம், மிஷின் என்ன சொல்கிறது என்று கேட்காமல் எதையும் திருகாதே என்பது. மோட்டார் சைக்கிளும் மிஷின்தானே? அதற்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

அந்த ஸ்க்ரூ என்ன செய்கிறது என்பதைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். திருவொற்றியூரில் செய்த நம் பழைய 350 புல்லட்டுகளில் பெரும்பாலும் இருப்பது மிக்கார்ப் கார்புரேட்டர். அதில் வெளியே தெரியும் ஸ்க்ரூ இரண்டு. பெரியது, உள்ளே இருக்கும் ஸ்லைடைத் தூக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அதைத் திருகுவதும், ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிக் கயிறு போட்டுக் கட்டி வைப்பதும் ஒன்றே. சின்னது காற்று ஸ்க்ரூ. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் பெட்ரோல் வருவது பைலட் ஜெட் என்ற குட்டிப் பித்தளைத் துண்டின் வழியாக. அந்தப் பெட்ரோலோடு எவ்வளவு காற்று கலக்க வேண்டும் என்பதை இந்தச் சின்ன ஸ்க்ரூ தீர்மானிக்கிறது. உள்ளே திருகினால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். வெளியே திருகினால் காற்று கூடும். வேறு சில வண்டிகளில் இந்த ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கும். அங்கே அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது, திசை நேர் எதிர். இந்த வித்தியாசமே தெரியாமல் எல்லா வண்டியையும் ஒரே மாதிரி திருகுகிறவர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

அந்த பைலட் ஜெட்டின் துளையில் சாதாரணத் தையல் ஊசிகூட நுழையாது. வண்டி இரண்டு மாதம் சும்மா நின்றால் பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி அதில் படிந்துவிடும். சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால் பத்துக்கு எட்டு இந்த அடைப்புதான். கழற்றி, கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வேலை முடிந்தது. ஆனால் சிலர் கிளட்ச் கேபிள் இழையை விட்டுக் குத்துவார்கள். பித்தளை மெத்து. துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் அந்த ஜெட் குப்பைக்குத்தான்.

என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். வயது எழுபதைத் தாண்டியவர். அவருடைய புல்லட் சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். மூன்று முறை ஒர்க்‌ஷாப் போனார். மூன்று முறையும் ஸ்க்ரூவைத் திருகி அனுப்பினார்கள். நான்காம் முறை, "சார், கார்புரேட்டர் போயிட்டு. புதுசு போட்டுருவோம்" என்றார்கள். போட்டார். பத்து நாளில் பழைய குருடி கதவைத் திறடி. பைபாஸ் ரோட்டில் வலது பக்கம் திரும்பும்போது நட்டநடு ரோட்டில் வண்டி அணைந்து, பின்னால் வந்த லாரி ஒரு முழ தூரத்தில் பிரேக் அடித்து நின்றது. அன்று இரவே வீட்டில், "வித்துத் தொலைங்க" என்று தீர்மானம் நிறைவேறிவிட்டது.

விற்பதற்கு முன் நான் ஒரு முறை பார்த்தேன். பெரிய மாயம் ஒன்றும் செய்யவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் வேகம் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் தொங்கி, பிறகு தொப்பென்று விழுந்து அணைந்தது. எங்கேயோ திருட்டுக் காற்று போகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். கார்புரேட்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில், பாயிண்ட் பக்கம் படாமல், லேசாகத் தண்ணீர் தெளித்தேன். சத்தம் மாறியது. சிலர் இதற்குப் பெட்ரோலையே தெளிப்பார்கள். சூடான சைலன்சர் பக்கத்திலேயே இருக்கிறது, அந்த விஷப் பரீட்சை வேண்டாம். கழற்றி ஸ்டீல் ஸ்கேல் வைத்துப் பார்த்தால், அந்தப் புதுக் கார்புரேட்டரின் முகம் வில் மாதிரி வளைந்திருந்தது. இரண்டு நட்டையும் பலம் கொண்ட மட்டும் முறுக்கிய புண்ணியம். கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய எமரித் தாளை விரித்துத் தேய்த்துச் சமப்படுத்தி, புது ஓ-ரிங் போட்டு, நட்டை அளவாக முறுக்கினோம். செலவு ஒரு டீயும் இரண்டு வடையும் ஓ-ரிங்கும். வண்டி இன்னும் அவரிடம்தான் இருக்கிறது.

ஐடிலிங் நிற்காததற்குக் கார்புரேட்டரே காரணமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை. புஷ்ராடு இறுகி இருந்தால், இன்ஜின் சூடானதும் வால்வு முழுதாக மூடாது, கம்ப்ரஷன் போய்விடும், வண்டி அணையும். ஆறிய இன்ஜினில், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது, புஷ்ராடு விரலால் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். கண்டென்சர் கெட்டால் குளிரில் நல்ல பிள்ளை, சூட்டில் சண்டி. ஐடிலிங்கில் வண்டியை வைத்து ஹேண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். வேகம் ஏறினால் தப்பு ஆக்சிலேட்டர் கேபிளில். இதற்கு ஒரு ஸ்பானர்கூட வேண்டாம்!

இதையெல்லாம் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூ. அதுவும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிய பிறகு. காற்று ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, அடி தட்டும்வரை எத்தனை சுற்று என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே. பிறகு கால் காலாகத் திருப்பி, இன்ஜின் எங்கே அதிக வேகமாகவும் சீராகவும் ஓடுகிறதோ அங்கே நிறுத்தி, கடைசியாகப் பெரிய ஸ்க்ரூவால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பத்து நிமிட வேலை.

மெக்கானிக்குகள் பக்கமும் நியாயம் உண்டு. நூறு ரூபாய் கொடுத்துவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நமக்காக டேப்பெட் மூடியைத் திறக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு பெரும்பாலான புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரே போய்விட்டது. இப்போது தொழிலுக்கு வரும் பையன் இதை எங்கே கற்பான்? ஆனால் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லலாம், நேரமாகும், காசாகும் என்றும் சொல்லலாம். "கார்புரேட்டர் போயிட்டு" என்று சொல்லத்தான் கூடாது.

நம்மவர்களிலும் இரண்டு கோஷ்டி உண்டு. ஒரு கோஷ்டி எல்லாவற்றுக்கும் எத்தனால் மேல் பழி போடும். இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும், தண்ணீரை இழுக்கும், கலவையைக் கொஞ்சம் வறட்சியாக்கும், எல்லாம் உண்மை. அதற்காக வளைந்த கார்புரேட்டரையும் அரசாங்கமா வளைத்தது? இன்னொரு கோஷ்டிக்கு புல்லட் என்றால் "டப்...... டப்......" என்று நடுவில் ஒரு வாய் காபி குடிக்கிற இடைவெளி வேண்டும். அவர்களே ஸ்க்ரூவை வெளியே எடுத்து வைப்பார்கள். எண்ணெய் பம்ப் இன்ஜின் வேகத்தோடு ஓடுவது என்பதையும், அந்த வேகத்தில் பேட்டரி சார்ஜ் ஆகாது என்பதையும் அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து கரடியாகக் கத்தினாலும் கேட்பதில்லை. சத்தம் இனிமையாக இருக்கிறதாம்.

வண்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்களா? பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். பைலட் ஜெட்டில் பிசின் பிடிப்பது பாதிக்கு மேல் குறையும். சந்தேகம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வரலாம். வண்டியை ஆறவிட்டுக் கொண்டுவாருங்கள், சூடாக இருந்தால் டேப்பெட் பார்க்க முடியாது.